நல்ல மண்ணுக்குப் பூட்டு, செங்குத்து மலைக்குத் திறந்த கதவு: நியூசிலாந்தின் காடு வளர்ப்பு விதி

1982இல் நியூசிலாந்தில் 7 கோடி செம்மறி ஆடுகள் இருந்தன. இன்று இரண்டரைக் கோடிகூட இல்லை. கம்பளி விலை விழுந்தது, பால் பண்ணை பெருகியது என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் கிராமங்களில் இப்போது சண்டை நடப்பது வேறொன்றுக்காக: மேய்ச்சல் நிலத்தை மொத்தமாக வாங்கி, பைன் கன்றை நட்டுவிட்டுப் போகிற கார்பன் வியாபாரம்.

நடைமுறை அப்படியொன்றும் சிக்கலானது இல்லை. நடுவதற்கு 20 வேலை நாள் முன்பாவது கவுன்சிலுக்குத் தகவல் கொடுக்கணும். மண்ணரிப்பு வரைபடத்தில் அந்த இடம் சிவப்பாக இருந்து, நடும் பரப்பும் பெரியதென்றால் தனி அனுமதி வேண்டும். மற்ற நிறங்களில் பெரும்பாலும் விதிக்கு உட்பட்டு நட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது கார்பன் பதிவு. 1989 கடைசியில் காடாக இல்லாத நிலம், குறைந்தது ஒரு ஹெக்டேர், 5 மீட்டர் உயரக்கூடிய மரம், 30 சதவீதத்துக்கு மேல் தழை மூட்டம். இவ்வளவு இருந்தால் அது 'காடு'. உறிஞ்சும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஒரு யூனிட். 2023 முதல், வெட்டி விற்கிற பைனுக்கு ஏறக்குறைய முதல் 16 வருஷத்துக்கு மட்டும். அதை எரிபொருள் கம்பெனிகள் வாங்கித் தங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளும், வரம்பே கிடையாது. ஆக்லாந்தில் நான் காருக்குப் போடும் பெட்ரோல் விலையிலும் அந்தக் காசு சேர்ந்திருக்கு.

பைனா, மண்ணின் மரமா என்று இந்த இலக்கணம் கேட்பதில்லை. பைன் வேகமாக வளரும், யூனிட் சீக்கிரம் கிடைக்கும். நாட்டு மரம் மெதுவாகத்தான் வரும். எவன் நாட்டு மரம் நடுவான்? பைன் விதை காற்றில் பறந்து பக்கத்து நிலத்திலும் முளைக்கிறது. சீமைக் கருவேலத்தோடு மல்லுக்கட்டிய ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

விவசாயிகளின் எதிர்ப்பு முற்றியதும், 2024 டிசம்பரில் அரசு கட்டுப்பாட்டை அறிவித்தது; 2025இல் மசோதா வந்தது. மண்ணை 8 வகையாகப் பிரிக்கும் பழைய வரைபடம்தான் அடிப்படை. முதல் ஐந்து வகை நல்ல நிலத்தில் முழுப் பண்ணையையும் வெளிநாட்டு மரக் காடாக்கிப் பதிய முடியாது; பண்ணையில் கால் பங்குவரை நடலாம். ஆறாம் வகைக்கு வருஷத்துக்கு 15,000 ஹெக்டேர், அதுவும் குலுக்கல் முறையில். மாவோரி நிலம் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. ஏழுக்கும் எட்டுக்கும் இந்த வரம்பு எதுவும் இல்லை.

சோறு போடும் மண்ணைக் காப்பது நியாயம்தான். என் கவலை ஏழாம் வகையைப் பற்றி. அது செங்குத்தான, எளிதில் சரியும் மலை நிலம்.

கிழக்குக் கடற்கரையில் 1988இல் போலா புயல் மலையையே வழித்துக்கொண்டு போனது. மண்ணைப் பிடிக்கத்தான் அரசுப் பணத்தில் பைன் நட்டார்கள். மரம் நின்றவரை மண்ணும் நின்றது. 30 வருஷம் கழித்து வெட்டினார்கள். 2018இல் டோலகா பேயில் மரக்கழிவு வெள்ளத்தோடு இறங்கி வயலிலும் கடற்கரையிலும் குவிந்தது. 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயலில் மறுபடியும் அதே கதை. முன்னாள் அமைச்சர் ஹெக்கியா பராட்டா தலைமையில் விசாரணை நடந்தது. அந்த வருஷம் நவம்பரில் கவுன்சில்களுக்குக் கூடுதல் அதிகாரம் வந்தது. 2025இல் அதையும் குறைக்க இன்றைய அரசு யோசனை வைத்தது!

ஆக, யூனிட்டுக்கான கிராக்கி அப்படியே இருக்க, பைனை எங்கே தள்ளுகிறோம்? வெட்டினால் சரியும் மலைக்கு. நாடாளுமன்றச் சுற்றுச்சூழல் ஆணையர் சைமன் அப்டன் 2025 அறிக்கையில் வேரைத் தொட்டார்: எரிபொருள் புகையைப் பைன் நட்டுக் கழிக்கும் வழியைப் படிப்படியாக மூடச் சொன்னார். அறிக்கையின் தலைப்பு 'ஆல்ட்-எஃப் ரீசெட்'. எங்கள் துறைக்காரர் யாரோ கூட இருந்திருக்கணும். இந்த மசோதா அந்தக் கணக்கைத் தொடவே இல்லை, பதிவு வாசலை மட்டும் குறுக்கியிருக்கு.

சரியும் மலையில் வெட்டாத நிரந்தரக் காடு மட்டும் என்று ஒரு பிரிவைச் சேர்க்கலாம். ஆனால் நாட்டு மரம் நட பைனைவிடப் பல மடங்கு செலவாகும், வருமானம் வரவும் வருஷக்கணக்கில் காத்திருக்கணும். அந்த இடைவெளிக்கான பணத்தை யார் தருவது என்பதற்கு மசோதாவில் ஒரு வரிகூட இல்லை.