இரதத்திலிருந்து கேட்கும் சத்தம்



இந்த வாரம் நாம் தியானிக்கும் வேதபகுதி அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரம், 26 முதல் 39 வரையுள்ள வசனங்கள். அதை ஒருமுறை வாசித்துவிட்டு இந்தச் சிந்தனைக்குத் திரும்பி வாருங்கள்.

இது நம்முடைய கார்களைப் பற்றிய சிந்தனை. சாவியைத் திருப்பியவுடன், பையில் இருக்கும் கைபேசியைத் தானாகவே கண்டுபிடித்துத் தன் திரையோடு இணைத்துக்கொள்ளும் கம்பியில்லா வசதியைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை ஆலய வளாகத்தில் நிற்கும் கார்கள் பலவற்றில் இன்று இது உண்டு. போதகருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இந்த வசதியைக் கவனமின்றிப் பயன்படுத்தி நான் ஒருவரைக் காயப்படுத்தினேன். ஆகையால் எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பின் இருக்கையில் நம் சபையார் இருவர் அமர்ந்திருந்தனர். திரையில் ஓர் அழைப்பு வந்தது. பெயரைப் பார்த்தேன், ஸ்டியரிங்கில் உள்ள பொத்தானை அழுத்தி, "ஸ்தோத்திரம், சொல்லுங்கள்" என்றேன். நான் சொன்னது அவ்வளவே. மறுமுனையில் இருந்தவர் பல நாள் அடக்கி வைத்திருந்த துயரம் அழுகையாய் வெளிப்பட்டது. தம் குடும்பத்தில் நடந்த ஒன்றை, போதகர் ஒருவரே கேட்கிறார் என்று நம்பிச் சொன்னார். அது காரின் எல்லா ஸ்பீக்கர்களிலும் ஒலித்தது. "வண்டியில் வேறு சிலரும் இருக்கிறார்கள்" என்று நான் குறுக்கிடுவதற்குள், பிறர் அறியக்கூடாதது முழுவதும் சொல்லப்பட்டுவிட்டது.

பின்னால் இருந்த இருவரும் வீடு வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தனர். தாங்கள் கேட்டதை அவர்கள் எவரிடமும் பேசவில்லை. அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். ஆனால் அழைத்தவர் அடுத்த மூன்று ஞாயிறுகள் ஆராதனைக்கு வரவில்லை. அவர் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன், மன்னித்தார். இப்போது ஆராதனைக்கும் வருகிறார். எனினும் என்னைத் தொலைபேசியில் அழைப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். இந்தப் பகுதியை அவர் வாசித்து, அனுமதி கொடுத்த பிறகே இங்கே வெளியிடுகிறேன்.

அன்பானவர்களே, இந்த இணைப்பு எவ்வாறு உண்டாகிறது என்று சற்றுக் கவனியுங்கள். முதல் முறை இணைக்கும்போது, கைபேசியின் திரையிலும் காரின் திரையிலும் ஒரே எண் தோன்றும். இரண்டும் ஒத்திருக்கிறதா என்று கேட்கப்படும். நீங்கள் சம்மதித்தால், தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் கார் பார்க்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் சம்மதிக்கிறீர்கள். அதன்பின் அந்தக் கேள்வி மீண்டும் வருவதில்லை. கைபேசியும் காரும் ஒன்றையொன்று நினைவில் வைத்துக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே ஆகிய இரண்டிலும் முதலில் புளூடூத் கைபேசியை அடையாளம் கண்டு, காரின் வைஃபை விவரத்தைக் கொடுக்கிறது. பின்பு வரைபடம், பாடல், திரைக்காட்சி போன்ற பெருஞ்சுமையை வைஃபை சுமக்கிறது. பேதுருவை இயேசுவினிடத்தில் அழைத்துவந்த அந்திரேயாவைப் போல, புளூடூத் அறிமுகம் செய்துவைக்கிறது.

புளூடூத் என்பதே ஓர் அரசனின் பட்டப்பெயர். 10-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு மன்னனுக்கு அப்பெயர் வழங்கியது. டேனியரைக் கிறிஸ்தவர்களாக்கியவன் என்று ஜெல்லிங் என்னும் ஊரில் உள்ள கல்வெட்டு அவனைக் குறிப்பிடுகிறது. சிதறிக் கிடந்த மக்களை ஒன்றாக்கியவன் என்பதால், வெவ்வேறு கருவிகளை ஒன்றாக்கும் தொழில்நுட்பத்திற்கு 1990-களில் அவன் பெயரைச் சூட்டினர். சீகன்பால்கு ஐயரை 1706-இல் தரங்கம்பாடிக்கு அனுப்பிவைத்ததும் அதே டென்மார்க்கின் அரச குடும்பந்தான்.

ஆனால் இந்த இணைப்பில் கைபேசியின் சம்மதம் கேட்கப்படுகிறது. காரின் சம்மதம் கேட்கப்படுகிறது. உங்களை அழைக்கிற மனிதரின் சம்மதம் கேட்கப்படுவதில்லை. உங்கள் அருகில் அமர்ந்திருப்பவரின் சம்மதமும் கேட்கப்படுவதில்லை. கார்பிளே 2014-இலும், ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015-இலும் வந்தபோது, யுஎஸ்பி கம்பியைக் கையால் செருக வேண்டியிருந்தது. செருகலாமா வேண்டாமா என்று ஒரு கணமாவது நினைக்க நேர்ந்தது. இன்று கம்பி போயிற்று. அந்த ஒரு கணமும் போயிற்று. கருவி கேட்காத அந்தக் கேள்வியை இனி நம்முடைய மனச்சாட்சிதான் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

இப்போது வேதபகுதிக்கு வருவோம். எத்தியோப்பியருடைய ராஜஸ்திரீயின் பொக்கிஷங்களுக்குத் தலைவனாயிருந்த மந்திரி, எருசலேமில் தொழுதுகொண்டு திரும்புகையில் இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவின் ஆகமத்தை வாசிக்கிறான். அந்தப் பயணத்தில் மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, இரதத்திலிருந்து கேட்ட சத்தம். பிலிப்பு ஓடிச்சென்றபோது, மந்திரி வாசிப்பது அவன் காதில் விழுந்தது. நம்முடைய வாகனத்திலிருந்து பிறர் காதில் விழுவது என்ன? கல்லறைத் தோட்டத்தில் அடக்க ஆராதனை முடிந்து ஒருவர் காரைக் கிளப்புகிறார். காலையில் பாதியில் விட்ட துள்ளல் பாட்டு அந்த இடத்திலேயே மீண்டும் தொடங்குகிறது. துக்க வீட்டார் திரும்பிப் பார்க்கின்றனர். அவர் வேண்டுமென்று செய்யவில்லை; இணைப்பு தானாக உண்டாயிற்று. இன்னொரு வீட்டில், தந்தை அறைக்குள் கைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். வாசலில் மகன் காரைக் கிளப்பியதும், அந்தப் பேச்சு காருக்குத் தாவிவிடுகிறது. புறங்கூறுகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துவான், ஆவியில் உண்மையுள்ளவனோ அதைக் காப்பான் என்பது நீதிமொழிகள் 11:13-இன் கருத்து. புறங்கூறும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. ஆயினும் என் கார் எனக்காகப் புறங்கூறிவிட்டது. காக்க வேண்டிய கடமை என்னுடையதாயிருக்க, பழியைக் கருவியின்மேல் போடுவது எப்படி?

இரண்டாவது, அருகில் வந்து உட்கார்ந்த மனிதன். மந்திரி பிலிப்புவை ஏறி உட்காரும்படி வேண்டிக்கொண்டான். கையிலிருந்த புஸ்தகத்தைக் காட்டிக் கேள்வி கேட்டான். ஒரே இரதத்தில் இருந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசியதில் ஓர் ஆத்துமா இரட்சிக்கப்பட்டது. பெற்றோரே, பள்ளிக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் அந்த இருபது நிமிடம் எவ்வளவு விலையேறப்பெற்றது! வீட்டில் வாய் திறக்காத பிள்ளை காரில் பேசும். முகத்துக்கு நேரே பார்க்க வேண்டியதில்லை என்பதால் தைரியமாய்ப் பேசும். "அப்பா, நேற்று பள்ளியில்..." என்று அது தொடங்கும்போது திரையில் ஒரு செய்தி வருகிறது, குரல் அதை வாசிக்கிறது, நாம் பதில் சொல்கிறோம். பிள்ளை பேச வந்ததை விழுங்கிக்கொள்கிறது. தூரத்தில் இருப்பவரோடு இணைந்தோம்; அருகில் இருந்தவரோடு அறுந்தோம்.

மூன்றாவது, நிறுத்தப்பட்ட இரதம். தண்ணீரைக் கண்டபோது மந்திரி இரதத்தை நிறுத்தச் சொன்னான். இரதத்தை ஓட்ட வேறொருவர் இருந்ததால்தான் அவன் வாசிக்கவும் பேசவும் முடிந்தது. அப்படியிருந்தும், முக்கியமான காரியம் வந்தபோது நிறுத்தினான். நாமோ ஓட்டிக்கொண்டே எல்லாவற்றையும் செய்ய நினைக்கிறோம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, வாகனம் ஓட்டுகையில் கைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. நம் கைகள் ஸ்டியரிங்கில் இருப்பதால் நாம் குற்றமற்றவர்கள் என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அமெரிக்காவின் ஏஏஏ போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளை 2015-இல் வெளியிட்ட ஆய்வு, குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனச் சிதறல் 27 விநாடிகள் வரை நீடிக்கக்கூடும் என்று காட்டியது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 27 விநாடி என்றால் 450 மீட்டர். அந்த 450 மீட்டருக்குள் ஒரு பள்ளி வாசல் இருக்கலாம். சைக்கிளில் வரும் ஒரு பிள்ளை இருக்கலாம். எழுத்தின்படி நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டு, அதன் உட்பொருளை மீறுகிறவர்களைக் குறித்து மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் எச்சரித்தது இங்கும் பொருந்தும்.

இவ்வளவும் கேட்டு, இந்த வசதியே பிசாசின் கண்ணி, அதை அகற்றிவிட வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். முன்பின் அறியாத தெருவில் வியாதியஸ்தரின் வீட்டை நள்ளிரவில் கண்டுபிடிக்க அந்தத் திரையில் தெரியும் வரைபடம் எனக்கு உதவியிருக்கிறது. நீண்ட பயணங்களில் ஒலி வேதாகமத்தை அதன்மூலம் கேட்டிருக்கிறேன். கருவி நல்லதுதான்; காவல்தான் தேவை. ஆகையால் நான் கைக்கொள்ளத் தொடங்கியிருக்கும் சிலவற்றை உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன்.

காரைக் கிளப்பிய பின், புறப்படும் முன்பே, வழியைத் தேர்ந்தெடுத்து, செய்திகளை வாசித்துக் காட்டும் வசதியை நிறுத்திவிடுங்கள். உடன் பிறர் இருக்கையில் அழைப்பு வந்தால், எடுக்காமல் விடுவது நல்லது. எடுத்தே ஆக வேண்டுமானால், "என்னோடு வண்டியில் இன்னார் இருக்கிறார்கள், சற்று நேரத்தில் அழைக்கிறேன்" என்பதே உங்கள் முதல் வாக்கியமாக இருக்கட்டும். பேச்சு பாரமானது என்று தெரிந்தால், பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கிநின்று பேசுங்கள். காரை விற்கும் முன்பும், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும் முன்பும், அதன் திரையில் உள்ள பட்டியலிலிருந்து உங்கள் கைபேசியை நீக்கி, அதில் சேமிக்கப்பட்ட தொடர்பு எண்களையும் அழித்துவிடுங்கள். அவை உங்களை நம்பியவர்களின் எண்கள்.

அந்தச் சகோதர உள்ளம் மீண்டும் என்னைத் தொலைபேசியில் அழைக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறேன். உங்களில் யாராவது இன்று என்னை அழைத்தால், என் முதல் வாக்கியம் என்னவாயிருக்கும் என்று இப்போது அறிவீர்கள்.

ஜெபம்: அன்புள்ள பரம பிதாவே, எங்கள் போக்கையும் வரத்தையும் காத்து நடத்துகிறவரே, உமக்கு ஸ்தோத்திரம். எங்களை நம்பிச் சொல்லப்பட்டவற்றைப் பேணாமல்போன குற்றத்தை மன்னியும். எங்கள் உதடுகளுக்கு மட்டுமல்ல, எங்கள் கருவிகளுக்கும் காவல் வைக்க எங்களுக்குக் கவனத்தைத் தாரும். அருகில் இருப்பவரின் குரலைக் கேட்கும் செவியையும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தும் ஞானத்தையும் தாரும். எங்களால் காயப்பட்டவர்களை நீரே ஆற்றும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்