விஞ்ஞானப் பலகணி: கூடி ஒளிரும் துகள்கள்

ஒரு விளக்குக்கு ஒரு பங்கு ஒளி எனில் நூறு விளக்குகளுக்கு நூறு பங்கு. பள்ளிச் சிறுவரும் அறிந்த இக்கணக்குப் பொய்த்துப்போகும் இடமும் இயற்கையில் உண்டு.

மின்னேற்றம் பெற்ற துகள் அதிரும்போது மின்காந்த அலை எழுகிறது. ஒளியும் அத்தகைய அலையே. அலைநீளத்தைவிட மிகச் சிறிய இடத்தில் நூறு துகள்கள் நெருங்கியிருப்பதாகக் கொள்வோம். அவை தத்தம் போக்கில் அதிர்ந்தால் சராசரியாக நூறு பங்கு கதிர்வீச்சே கிட்டும். எல்லாம் ஒரே தாளத்தில் அதிர்ந்தாலோ, அலையின் உயரம் நூறு மடங்காகும். கதிர்வீச்சின் வலிமை அவ்வுயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலின் 10,000 பங்கு! ஆயினும் சேமிப்பிலுள்ள ஆற்றல் பெருகிவிடவில்லை. அது நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் செலவாகிவிடுகிறது. அவ்வளவே.

1954-இல் அமெரிக்க அறிஞர் ராபர்ட் டிக் அணுக்கூட்டங்களுக்கு இதனைக் குவாண்டம் முறையில் விளக்கினார். அதனால் இது குவாண்டம் உலகுக்கே உரிய விந்தை என்று கருதுவோர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. நியூட்டன், மாக்ஸ்வெல் வழிவந்த பழைய பௌதிகத்திலும் இது நிகழும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு.

துகள்களுக்குத் தாளம் கற்பிப்பது அவை எழுப்பிய அலையே. அது சிலவற்றை உந்தும், சிலவற்றைத் தடுக்கும். எப்படி ஆடினும் காலம் மாறாத அதிர்வாயின் இதனால் பயனில்லை. தற்செயலாய் அமைந்த சிறு ஒற்றுமையும் தேய்ந்துவிடும். வீச்சுக்கேற்பக் காலமும் மாறவேண்டும். ஊசலைப் பாருங்கள்: சிற்றாட்டத்தில் காலம் மாறுவதில்லை என்பர், 90 பாகை வரை இழுத்துவிட்டாலோ ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 18 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும்.

காந்தப் புலத்தில் மிகு வேகத்தில் சுழலும் எலெக்ட்ரானும் இவ்வினமே. அலையிடம் ஆற்றல் பெற்றது, ஐன்ஸ்டைன் கூறியபடி கனத்துப் பின்தங்கும்; இழந்தது முந்தும். இவ்வாறு பிந்தியவையும் முந்தியவையும் ஒருபுறம் திரண்டு, ஒன்றாய் அலை வீசும். இதனை 1958-இல் ட்விஸ்ஸும், 1959-இல் ஷ்னைடரும் கபோனோவும் தனித்தனியே கண்டனர். ரஷ்யாவின் கோர்க்கி நகரில் 1964-இல் பிறந்த ஜைரோட்ரான் என்னும் கருவி இதன் பயனே.

குஜராத்தில் வாழும் நம் அன்பர்களுக்கு இது தொலைவான செய்தியன்று. காந்திநகருக்கு அருகிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தில், ஆதித்யா என்னும் இயந்திரத்தினுள் இருக்கும் பிளாஸ்மாவைச் சூடேற்ற 42 ஜிகாஹெர்ட்ஸ் ஜைரோட்ரான் பயன்பட்டுள்ளது. அதாவது நொடிக்கு 4,200 கோடி அதிர்வுகள். அவ்வலையின் நீளம் சுமார் 7 மில்லிமீட்டர். கண்ணுக்குப் புலப்படாவிடினும் ஒளியின் உடன்பிறப்பே அது.