நிலக்கரிக்குப் பச்சை பெயின்ட்!

ப்ளஸ் டூவில் ஹேபர் முறையை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய எல்லோருக்கும் அம்மோனியாவைத் தெரியும். ஒரு நைட்ரஜன், மூன்று ஹைட்ரஜன். கார்பன் கிடையாது. எரித்தால் தண்ணீரும் நைட்ரஜனும்தான், கார்பன் டை ஆக்சைடு வராது. ஆஹா, சுத்தமான எரிபொருள் கிடைத்துவிட்டது! இந்த ஒரு வரியை வைத்துத்தான் ஜப்பானின் மின் நிறுவனங்கள் ஊரை நம்பவைக்கப் பார்க்கின்றன.

2024 ஏப்ரலில் ஐச்சி மாகாணத்தின் ஹெகினான் அனல்மின் நிலையத்தில் ஒரு சோதனை தொடங்கியது. ஜெராவும் ஐ.எச்.ஐ.யும் சேர்ந்து, 1000 மெகாவாட் திறனுள்ள நான்காவது அலகில் நிலக்கரியை 20 சதவீதம் குறைத்து, அந்த வெப்பத்தை அம்மோனியாவிலிருந்து எடுத்தன. ஜூன் வரை நடந்தது. பலரும் பயந்தபடி நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடவில்லை. லேசில் பற்றாத, மெதுவாக எரிகிற வாயுவை அவ்வளவு பெரிய கொதிகலனில் எரித்த எஞ்சினியர்களுக்கு ஒரு சல்யூட்!

ஆனால் கேள்வி பர்னரைப் பற்றியதல்ல. அந்த அம்மோனியா எங்கிருந்து வருகிறது?

இன்றும் உலகின் அம்மோனியா அநேகமாக எல்லாமே இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் தயாராகிறது. எரிவாயுவிலிருந்து ஒரு டன் தயாரித்தால் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அந்த ஒரு டன்னை எரித்தால் மிச்சமாகும் நிலக்கரி முக்கால் டன். அதிலிருந்து வந்திருக்கக் கூடிய கார்பன் டை ஆக்சைடு 1.8 டன் அளவு. கூட்டிக் கழித்துப் பாருங்கள். லாபம் பூஜ்யம், இல்லை நஷ்டம்! புகை ஜப்பானில் குறைந்து, அம்மோனியா தயாரிக்கிற நாட்டில் கூடுகிறது. காற்றுக்கு ஏது எல்லைக்கோடு?

"அது பழைய அம்மோனியா, நாங்கள் பச்சை அம்மோனியா வாங்குவோம்" என்பார்கள். சரி, காற்றாலை, சூரிய மின்சாரத்தில் தயாரிப்பதாகவே வைத்துக்கொள்வோம். ஒரு டன்னுக்கு சுமார் 10,000 யூனிட் வேண்டும். அதை அனல்மின் நிலையத்தில் எரித்தால் திரும்பக் கிடைப்பது 2,000 யூனிட் சொச்சம். கப்பல் செலவு தனி. பத்து ரூபாய் கொடுத்து இரண்டு ரூபாய் வாங்குகிற வியாபாரம் இது.

ஜப்பானில் இடம் குறைவு, மலைகள் அதிகம், 2011 ஃபுகுஷிமாவுக்குப் பிறகு அணுமின்சாரமும் சுருங்கிவிட்டது. இதெல்லாம் உண்மைதான். அதற்காக உரத்துக்குப் போக வேண்டியதை உலையில் போடுவதா? உலக அம்மோனியாவில் 70 சதவீதம் போல உரத்துக்குத்தான் போகிறது. 1000 மெகாவாட் அலகு ஒன்றில் 20 சதவீதம் கலக்கவே ஆண்டுக்கு 5 லட்சம் டன் வேண்டும். 2019-இல் ஜப்பான் முழுவதும் எல்லா வேலைக்கும் பயன்படுத்தியதே சுமார் 10 லட்சம் டன். அதாவது இரண்டே இரண்டு அலகுகள் அவ்வளவையும் விழுங்கிவிடும்!

ஹெகினான் சோதனை தொடங்கிய அதே மாதம், இத்தாலியின் டூரின் நகரில் கூடிய ஜி-7 அமைச்சர்கள், 'கட்டுப்படுத்தப்படாத' நிலக்கரி மின்சாரத்தை 2030-களின் முதல் பாதியில் நிறுத்துவதென்று பேசினார்கள். தப்பிக்க ஓட்டை வைத்த வார்த்தை அது. ஐந்தில் ஒரு பங்கு அம்மோனியா கலந்துவிட்டால் மீதி நான்கு பங்கு நிலக்கரி நல்ல பிள்ளையாகிவிடுமா? அந்தக் கலவையின் புகை, சாதாரண எரிவாயு மின் நிலையத்தின் புகையைவிட இன்னமும் அதிகம்.

ஆராய்ச்சியே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நடுக்கடலில் ப்ளக் பாயின்ட் கிடையாது, கப்பல் எஞ்சினில் அம்மோனியாவை எரிக்கும் ஆராய்ச்சி தாராளமாக நடக்கட்டும். பச்சை அம்மோனியா கிடைத்தால் முதலில் உரத் தொழிற்சாலைக்குப் போகட்டும். அங்கே ஒவ்வொரு டன்னும் அந்த 2 டன் கார்பனை முழுசாக மிச்சம் பிடிக்கும். ஆனால் மூட வேண்டிய நிலக்கரி உலைக்கு ஆயுளை நீட்டிக்கொடுக்கிற வேலைக்கு 'சுத்தமான எரிபொருள்' என்று பெயர் வைக்கலாமா? யோசித்துப் பார்க்க வேண்டாமா?