வைத்தியத்துக்குப் பிறகு வந்த வியாதி

மனிதர்களுக்கு வியாதி வந்த பிறகு வைத்தியம் நடக்கிறது. யந்திரங்கள் விஷயத்திலோ, சில சமயம் வைத்தியம் நடந்த பிறகுதான் வியாதி வருகிறது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிய மறுநாளே வண்டி இருமுவதும், தும்முவதும், நின்ற இடத்தில் உயிரை விடுவதும் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பலரும் கண்ட காட்சிதான்.

இதை அற்ப விஷயமென்று தள்ளிவிடுவதற்கில்லை. 1980-ம் வருஷத்தில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி வெளிவந்தது முதல், நாட்டுப்புறத்தில் பால் கேனும் புல்லுக்கட்டும் உர மூட்டையும் அத்தகைய வண்டிகளின் மேலேதான் பிரயாணம் செய்கின்றன. 1955 முதல் திருவொற்றியூரில் தயாரான புல்லட்டுகளிலும் பழையவை பல இன்னும் ஓடுகின்றன. 2020 ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகளால், புதிய வண்டிகளில் கார்புரேட்டர் அநேகமாக மறைந்து, பெட்ரோலை அளந்து பீச்சும் மின்சாரக் கருவி வந்துவிட்டது. ஆகவே, பழைய வித்தையை இனிப் புதிதாகக் கற்பவர்கள் சொற்பமாகவே இருப்பார்கள். வண்டி கிளம்பாவிட்டால் விடியற்காலையில் பால் சொஸைட்டிக்குப் போய்ச் சேராது. "இஞ்சினையே இறக்கிப் பார்க்க வேண்டும்" என்று ஒருவர் சொல்லிவிட்டாலோ, ஒரு மாதச் சம்பாத்தியம் போயிற்று! எனவே, வண்டிக்குச் சொந்தக்காரர் கொஞ்சம் விஷயம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கார்புரேட்டரின் வேலை ஒன்றேதான்: காற்றையும் பெட்ரோலையும் அளவாகக் கலந்து கொடுப்பது. எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். குறுகிய குழாய் வழியே காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. குறைந்தவுடன், கீழே உள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ஜெட் என்னும் சிறு துவாரத்தின் வழியாக மேலேறிக் காற்றுடன் கலக்கிறது. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தை ஒரு மிதவை காக்கிறது. வண்டி நின்றபடி மெதுவாக ஓடுவதற்கு ஒரு சிறு ஜெட்டும், வேகமாக ஓடுவதற்கு ஒரு பெரிய ஜெட்டும் தனித்தனியே உண்டு.

இவ்வளவு தெரிந்தால் நோயைக் கண்டுபிடிப்பது கடினமன்று. கணக்கில் விடை தவறினால், கடைசியாக அழித்து எழுதிய வரியை முதலில் பார் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். இங்கும் அதுவே விதி. நேற்றுவரை ஒழுங்காக இருந்த இஞ்சினின் உள்பாகம் ஒரே இரவில் கெட்டிருப்பது அபூர்வம். நேற்றுக் கை பட்ட இடம் எது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

வேகத்தில் நன்றாக ஓடி, ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் நின்றுபோனால், சிறு ஜெட்டில் அடைப்பு இருக்கலாம். அல்லது கார்புரேட்டர் இஞ்சினோடு சேரும் இடத்தில் காற்று புகலாம். சோக்கை இழுத்தால் மட்டும் வண்டி ஓடுகிறதா? பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்று மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். சேருமிடத்தில் இரண்டு சொட்டு இஞ்சின் எண்ணெய் விட்டுப் பாருங்கள். ஓசை சற்று மாறினால், பழைய காஸ்கெட்டோ ரப்பர் வளையமோ சரியாக உட்காரவில்லை. இந்தப் பரீட்சைக்குப் பெட்ரோலை உபயோகிக்க வேண்டாம். சூடான இஞ்சினில் அது தீக்கு அழைப்பாகும்.

கரும்புகை வந்து, ப்ளக்கின் முனையில் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். மிதவை ஊசியில் தூசி சிக்கியிருக்கும், அல்லது சோக் முழுவதும் திறக்கவில்லை, அல்லது ஏர் பில்டர் அடைத்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இஞ்சின் அலறினால், கேபிள் இறுக்கமாக இருக்கிறதா, உள்ளே ஏறி இறங்கும் உருளை திருப்பி மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த உருளையின் வெட்டுப்பட்ட பக்கம் ஏர் பில்டரை நோக்கி இருக்க வேண்டும். சிறிது தூரம் ஓடி நின்று, டாங்கின் மூடியைத் திறந்தவுடன் மறுபடி ஓடினால், குற்றம் கார்புரேட்டருடையதே அல்ல. மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. வேலை நடக்கும்போது ப்ளக் வயர் தளர்ந்திருப்பதும் உண்டு.

அடைப்பை நீக்கக் கம்பியைப் போட்டுக் குத்துவது மகா பாதகம். துவாரம் மயிரிழை பெரிதானாலும் அளவு கெட்டுவிடும். பெட்ரோலில் கழுவிக் காற்றால் ஊதுவதே முறை. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுவதால், பழைய ரப்பர்ப் பாகங்கள் ஊதிப்போகவும் கூடும். அன்றியும், எத்தனாலிலேயே பிராணவாயு இருப்பதால், பழைய ஜெட்டுக்கு அந்தக் கலவை சற்றுக் காற்று மிஞ்சியதாகவே அமையும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. ஸ்க்ரூவையும் திருகி, ப்ளக்கையும் மாற்றி, ஜெட்டையும் புதிதாகப் போட்டால், வண்டி சரியானாலும் எதனால் சரியாயிற்று என்று தெரியாது; மோசமானாலும் தெரியாது. ஸ்க்ரூவைத் தொடுமுன், அது எத்தனை சுற்று திறந்திருந்தது என்று எண்ணி ஒரு காகிதத்தில் குறித்துக் கொள்ளுங்கள். பழைய நிலைக்குத் திரும்பும் வழி எப்போதும் கையில் இருக்கட்டும்.

கணக்கு வைப்பது உத்திரமேரூருக்குப் புதிதல்ல. வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதல் பராந்தக சோழனுடைய கல்வெட்டுக்கள் 10-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலையில் மறுபடி இடம் பெறக் கூடாதென்று அவை விதிக்கின்றன. ஊர்க் காரியத்துக்கு ஏற்பட்ட அந்த நியாயம் வண்டிக் காரியத்துக்கும் பொருந்தும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். எதை மாற்றினார், எதைத் திருகினார் என்று மெக்கானிக்கிடம் மரியாதையாகக் கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். நல்ல தொழிலாளி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இத்தனைக்குப் பிறகும் வண்டி முரண்டு பிடித்தால், அந்தக் காகிதத்தோடு அவரிடமே திரும்பிப் போகலாம். இன்னின்னது பார்த்தாயிற்று என்று சொல்லத் தெரிந்தவரிடம், "இஞ்சினை இறக்கு" என்று யாரும் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.