எல்லை கடந்த மருந்துச்சீட்டு

பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் எஸ்டோனியாவின் டாலினுக்கும் இடையே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் கடல் விரிந்துள்ளது. பின்லாந்து மருத்துவர் வழங்கிய மின் மருந்துச்சீட்டைக் கொண்டு எஸ்டோனிய மருந்தகத்தில் மருந்து பெறும் வசதி 2019இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இவ்வசதியை முதலில் கண்டவை இவ்விரு நாடுகளே. இது தற்செயலாக வாய்த்ததன்று.

எஸ்டோனியா 2001இல் ‘எக்ஸ்-ரோடு’ என்னும் தரவுப் பரிமாற்ற அமைப்பை உருவாக்கியது. தன்னினும் மக்கள்தொகை குறைந்த அயல்நாட்டின் ஆக்கத்தைப் பின்லாந்து ஏற்றுக்கொண்டது. அதனை மேம்படுத்த 2017இல் இரு நாடுகளும் பொது நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தன. இவ்வமைப்பில் மக்களின் தரவுகள் ஒரே கிடங்கில் குவிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு துறையும் தன் பதிவேட்டைத் தானே காக்கிறது. உரிமை பெற்றோர் கேட்கும் செய்தி மட்டும் மறையாக்கம் பெற்றுச் செல்கிறது.

இணைப்புகள் பெருகினால் தாக்குதலுக்கான வாயில்களும் பெருகும் என்பர் சிலர். அவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. 2007இல் எஸ்டோனியாவின் அரசு இணையத்தளங்களும் வங்கிகளும் பெரும் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. ஆயினும் அந்நாடு கதவை அடைக்கவில்லை, காவலை வலுப்படுத்தியது.

ஓர் அரசு தன் குடிமக்களின் நோய்க்குறிப்பை அயல்நாட்டுக்கு அனுப்புவது எளிய செயலன்று. தரவைக் காக்கும் சட்டமும் நாடுகளுக்கிடையிலான நம்பிக்கையுமே அக்கூட்டுறவைத் தாங்குகின்றன. கருவிகளை வாங்குமுன் இவ்விரண்டையும் நிலைநாட்டுவதே அண்டை அரசுகளின் முதற்கடமையாகும்.