ஐந்து ஆண்டில் இரண்டு பட்டம்: உண்மையில் மிச்சமாவது என்ன?

எஸ்டிபிஎம் முடித்த பிள்ளைகளுக்கு யூபியு விண்ணப்பம் நிரப்ப உதவுவது எனக்குச் சில ஆண்டுப் பழக்கம். அண்மையில் கோத்தா திங்கி அருகே செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் மகளுடன் வந்தார். "ஐயா, டிகிரியும் மாஸ்டரும் ஒரே வாட்டியா முடிக்கிற படிப்பு இருக்காமே. ஒரு வருஷம் மிச்சம்னு சொல்றாங்க. அதுலயே போட்டுடலாமா?" என்றார். மகள் ஒன்றும் பேசவில்லை. அவளுக்குப் பின்னால் இரண்டு தம்பிகள் படிக்கிறார்கள்.

அன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்.

நம் நாட்டில் இளங்கலைக்குக் குறைந்தது 120 கிரெடிட், பாடவழி முதுகலைக்கு 40. ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, நூலகம், தேர்வு எல்லாம் சேர்த்து 40 மணி நேர உழைப்பு. இணைப்புப் படிப்புகளில், இறுதியாண்டில் எடுக்கும் சில முதுகலைப் பாடங்கள் இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் சேரும். 12 கிரெடிட் அப்படிச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாவது 480 மணி நேரம். ஒரு பருவத்துக்கும் குறைவு. ஓராண்டின் மீதி எங்கிருந்து வருகிறது? நீண்ட விடுமுறைகளிலிருந்தும் இரண்டு படிப்புகளுக்கும் நடுவே காத்திருக்கும் மாதங்களிலிருந்தும்தான். விடுமுறையில் ஜொகூர் பாருவுக்குப் போய்க் கடையில் நின்று அடுத்த பருவச் செலவைச் சேர்க்கும் மாணவிக்கு அந்த மாதங்கள் சும்மா கிடப்பவை அல்ல. விளம்பரங்களில் இந்தக் கணக்கு வருவதில்லை.

படிப்பைச் சுருக்குவது மலேசியாவுக்குப் புதிதுமல்ல. 1990களின் நடுவில், ஆள்பலம் விரைவாகத் தேவை என்று அரசு பல்கலைக்கழகங்களின் நான்காண்டு இளங்கலைப் படிப்புகள் மூன்றாண்டாகக் குறைக்கப்பட்டன. பொறியியலும் அதில் சிக்கியது. சில ஆண்டுகளில் பொறியியல் நான்காண்டுக்கே திரும்பியது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் மலேசியா 2009இல் முழு உறுப்பினரானது அதற்குப் பிறகுதான்.

இந்தியாவில் ஐஐடி மெட்ராஸ் போன்ற நிறுவனங்கள் பி.டெக், எம்.டெக் இரண்டையும் ஐந்தாண்டில் தருகின்றன. தனித்தனியாகப் படித்தால் ஆறாண்டு. இளங்கலையையே விரைவாக முடிக்கும் திட்டத்துக்கு அந்நாட்டுப் பல்கலைக்கழக மானியக் குழு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. அதன்படி மூன்றாண்டுப் பட்டத்தை ஐந்து பருவங்களில் முடிக்கலாம். ஆனால் பத்து விழுக்காடு இடங்கள்தான். அதுவும் முதலிரு பருவ மதிப்பெண்ணைக் குழு ஒன்று பார்த்த பிறகு. ஆசைப்படுகிறவர்கள் எல்லாருக்கும் அது இல்லை.

முதுகலை யாருக்கு உண்மையாகத் தேவை? பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆக விரும்புகிறவருக்கு அது இல்லாமல் முடியாது. மருத்துவ உளவியலாளருக்கும் அப்படியே. பிரிட்டனில் பட்டயப் பொறியாளர் தகுதிக்கு முதுகலை அளவிலான படிப்பை எதிர்பார்க்கிறார்கள். அதனால் அங்கே நான்காண்டு இணைப்புப் பட்டம் பிரபலம். இங்கே 'ஐஆர்' ஆக அங்கீகாரம் பெற்ற இளங்கலையும் பணி அனுபவமும் தேர்வும் போதும். அரசாங்கத்தில் பட்டதாரி நிலைப் பணிகள் பலவற்றுக்கும் இளங்கலைதான் நுழைவுச் சீட்டு. வெறும் 'கூடுதல் தகுதி'க்காக ஓராண்டு தாமதமாக வேலைக்குப் போவது, கடலுக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் டாலர் சம்பளம் காத்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சின்ன விலையல்ல.

பணம்தான் பெரிய விஷயம். பிடிபிடிஎன் கடன் முக்கியமாக டிப்ளோமா, இளங்கலை மாணவர்களுக்கானது. முதுகலைப் பகுதிக்கு யார் கட்டுவது என்பதைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இளங்கலையில் முதல் வகுப்பு பெற்றால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அக்கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். இறுதியாண்டில் முதுகலைப் பாடங்களின் சுமையும் சேர்ந்து, அந்த முதல் வகுப்பு கை நழுவினால் நட்டம் ஆயிரக்கணக்கான ரிங்கிட். நடுவில் நிறுத்த நேர்ந்தால் இளங்கலைப் பட்டமாவது கைக்கு வருமா என்பதையும் சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

மறுவாரம் இருவரும் மீண்டும் வந்தார்கள். இதையெல்லாம் சொன்னேன். பல பல்கலைக்கழகங்களில் முதுகலையை இணைக்கும் முடிவை இரண்டாம், மூன்றாம் ஆண்டில் சிஜிபிஏவைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், இப்போதே கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்றதும் அப்பாவின் முகம் இளகியது. "உனக்கு என்ன ஆசைம்மா?" என்று அவளிடம் கேட்டேன்.

"லேப்ல ஆராய்ச்சி பண்ணணும் சார். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு லேப் எப்படி இருக்கும்னு உள்ள போய்ப் பாக்கணும்."

வேதியியலை முதல் தேர்வாகப் போட்டோம். தொழிற்பயிற்சிப் பருவம் எந்த ஆண்டில் வருகிறது என்று குறித்துக்கொண்டு போயிருக்கிறாள்.