கொள்ளைக்கு இரண்டு பெயர்கள்

‘லூட்’ என்னும் ஆங்கிலச் சொல் இங்கிலாந்தில் பிறந்ததன்று. அது ‘லூட்’ என்னும் இந்திச் சொல். கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் இங்கிருந்து கப்பலேறியது. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியே இதற்குச் சான்று. பொருளைக் கொண்டுபோனவர்கள் அச்செயலின் பெயரையும் இங்கிருந்தே கொண்டுபோயினர்.

ஆயினும் தம் கணக்கேடுகளில் அவர்கள் அப்பெயரை எழுதவில்லை. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டார். அவரது கருவூலம் மதிப்பிடப்பட்டு, படைப் பதவிக்கேற்பப் பங்கிடப்பட்டது. அதற்கு இட்ட பெயர் ‘பரிசுப் பணம்’. திப்புவின் மரப்புலி இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளாக நிற்கிறது.

அதே ஆட்சி, இந்தியர்மேல் சுமத்துவதற்கு இன்னோர் இந்திச் சொல்லை எடுத்துக்கொண்டது: ‘டக்காய்ட்டி’, அதாவது கூட்டுக்கொள்ளை. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 391ஆம் பிரிவுப்படி, ஐவரோ அதற்கு மேற்பட்டவரோ சேர்ந்து கொள்ளையடித்தால் அது கூட்டுக்கொள்ளை. ‘லூட்’ அச்சட்டத்தின் குற்றப் பெயர்களுள் இடம்பெறவில்லை. ஐவர் கூடிப் பறித்தால் குற்றம். ஒரு படையே கூடிப் பறித்தால் பரிசு!

ஆட்சி மாறியும் இந்த அகராதி மாறவில்லை. 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதா, கைப்பொருளைப் பறித்தோடுவதைத் தனிக் குற்றமாக்கி, 304ஆம் பிரிவில் 3 ஆண்டுவரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. தொழிலாளிக்குச் சேரவேண்டிய ஊதியத்தைக் குறைத்துக் கொடுக்கும் முதலாளிக்கோ, 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு முதல்முறை விதிப்பது 50,000 ரூபாய்வரை அபராதம் மட்டுமே. ஐந்தாண்டுக்குள் மறுபடியும் அதையே செய்தால்தான் சிறை. அதுவும் 3 மாதத்துக்கு மேற்படாது. முன்னதன் பெயர் ‘பறிப்பு’. பின்னதன் பெயர் ‘குறைவாக வழங்குதல்’. இழந்தவர் இருவர்க்கும் வயிறு ஒன்றுதான். சட்டத்தின் நாவுதான் இரண்டு.

முதலாளித்துவத்தின் எல்லாத் தீமைகளையும் ‘கொள்ளை’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவதும் பிழையே. உழைப்புச் சக்திக்கு உரிய விலையைக் கொடுத்துவிட்டு, உபரி மதிப்பைச் சட்டப்படியே கவர்ந்துகொள்வது சுரண்டல். பேசிய கூலியையே கொடாமல் வைத்துக்கொள்வது திருட்டு. முன்னதை ஒழிக்க இந்தச் சமுதாய அமைப்பே மாறவேண்டும். பின்னதைத் திருட்டென்று எழுத, இன்றைய சட்டத்தில் ஒரு திருத்தம் போதும். அந்தத் திருத்தத்தைக்கூடச் செய்ய மறுக்கும் அரசு யாருடைய அரசு என்பதைத் தோழர்கள் ஒவ்வோர் ஆலைவாயிலிலும் விளக்கவேண்டும். ‘ஊதியத் திருட்டு’ என்னும் சொல் நமது துண்டறிக்கையில் ஏறட்டும். கோரிக்கைப் பட்டியலில் ஏறட்டும். போராட்டத்தின் வலிமையால் சட்டப் புத்தகத்திலும் ஏறட்டும்.